எஞ்சினியர் சுவிஸ்காரர் ஆன கதை

எர்சீலியோ தல்ஃபாரா இத்தாலியில் பெல்லூனோ பக்கத்து மலையூர்க்காரர். பத்தொன்பது வயதில் சுவிட்சர்லாந்துக்கு வந்தது என்னவோ அணைக்குக் கான்கிரீட் கலக்கத்தான். ஆனால் மனிதருக்கு மண்டையில் சரக்கு இருந்தது. மாலைப் பள்ளியில் படித்து எஞ்சினியர் ஆகிவிட்டார். அவர் படிக்கப் போன நேரமெல்லாம் அவருடைய வேலையையும் சேர்த்து இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தவன், அதே ரயிலில் கூட வந்த துல்லியோ. வருஷக்கணக்காகச் செய்தான்.

"நீ போய்ப் படிடா. யாரு கலக்குனாங்கன்னு கான்கிரீட்டுக்குத் தெரியவா போகுது?" என்பான்.

ஹின்டர்பூல் கிராமத்து ஆற்றுப் பாலம் எர்சீலியோ கட்டியது. பால் வண்டி, தீயணைப்பு வண்டி, கல்யாண ஊர்வலம் எல்லாம் அதன்மேல்தான் போகும். அப்பேர்ப்பட்டவர் குடியுரிமை கேட்டபோது ஊர்க் குழு உட்கார வைத்து விசாரித்ததே, அந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல! காலி பாட்டிலை எந்தக் கிழமை தொட்டியில் போடக் கூடாது? பொதுச் சலவை அறையின் சாவியை யாரிடம் தர வேண்டும்? எல்லாவற்றுக்கும் டாண் டாண் என்று பதில் சொன்னார். பாலாடைக்கட்டி வியாபாரியான குழுத் தலைவர் ஏஷ்லிமான் தாடையைத் தடவினார்.

"உங்க பாலம் அசையாமத்தான் நிக்குது, எஞ்சினியர். பேசும்போது உங்க கைதான் ஓர் இடத்துல நிக்க மாட்டேங்குது. அடுத்த வருஷம் பாக்கலாம்."

அன்றிலிருந்து மனிதர் தலைகீழாக மாறிப்போனார். மதிய ஓய்வு நேரத்தில் கிசுகிசுப்பாகத்தான் பேசினார். ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆணி அடித்ததில்லை. ராத்திரி பத்துக்கு மேல் கழிவறைச் சங்கிலியை இழுத்துத் தண்ணீர் விட மாட்டார். பக்கத்து வீட்டு ஷ்டூடர் அம்மாவுக்கு, எதிரே வரும்போதெல்லாம் பெயர் சொல்லி வணக்கம் வைத்தார். அவர் மனைவி நீவெஸுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது.

"எஞ்சினியர் சார், தும்மல் வருது. தும்மிக்கட்டுமா, இல்ல ஊர்க் குழுவைக் கேட்டுட்டு வரட்டுமா?"

"மெதுவாப் பேசு, நீவெஸ். பக்கத்துல கேக்கும்."

"கேக்கட்டுமே! எனக்கு உங்க குடியுரிமையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நான் கத்தித்தான் பேசுவேன்."

மறு வருஷம் ஊர் அவரை ஏற்றுக்கொண்டது. எர்சீலியோ அழுதார். அதையும் சத்தமில்லாமல்தான் அழுதார்.

அதைப் பார்த்து துல்லியோவுக்கும் ஆசை வந்தது. "நீ உள்ள இருக்கும்போது எனக்கென்னடா பயம்? சாகுறதுக்குள்ள நானும் இந்த ஊர்க்காரன்னு ஒரு தடவை சொல்லிப் பாத்துடறேன்" என்று முதுகில் ஓங்கித் தட்டினான்.

அவனுக்குக் குடியுரிமை தரலாமா என்று ஓட்டெடுக்கப் பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் ஊர்க் கூட்டம். விண்ணப்பித்தவன் வெளியே நிற்க வேண்டும் என்பது முறை. துல்லியோ வாசலில் நின்றான். ஓட்டில்லாதவர்களுக்கான கடைசி வரிசையில் நீவெஸ். முன்னால், ஷ்டூடர் அம்மாவுக்குப் பக்கத்தில் எர்சீலியோ.

ஷ்டூடர் அம்மா எழுந்தாள். "ஞாயித்துக்கிழமை துணி காயப் போட்டாரு. போட்டதோட விட்டாரா? பாடிக்கிட்டே போட்டாரு."

மண்டபமே முகம் சுளித்தது. ஏஷ்லிமான் சுற்றிலும் பார்த்தார். "இவரை நல்லாத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

எர்சீலியோவுக்கு வார்த்தை தொண்டை வரை வந்தது. எழுந்து ஓர் இத்தாலிக்காரனுக்குப் பரிந்து பேசினால் தானும் பழையபடி இத்தாலிக்காரன்தானே? பாடுபட்டுச் சேர்த்த மரியாதை ஒரே நிமிஷத்தில் போய்விடுமே! வாயை மூடிக்கொண்டார்.

"வேணாம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

வரிசை வரிசையாகக் கைகள் எழுந்தன. ஷ்டூடர் அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். எர்சீலியோவின் கையும் எழுந்தது.

முடிவு தெரிந்ததும், வெளியே துல்லியோ ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. "போனாப் போகுதுடா, விடு. ஊரே வேணாம்னு சொன்னா என்ன? நீ ஒருத்தனாச்சும் எனக்காகக் கை தூக்கியிருப்பே."

நீவெஸ் மேல்கோட்டை மாட்டிக்கொண்டே வந்தாள்.

"தூக்கினாருண்ணே" என்றாள். "பின்னாடி உக்காந்து நானே பாத்தேன்."

துல்லியோ தெரு அதிரச் சிரித்து, எஞ்சினியரின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான்.