கவிழ்த்து வைத்த சிலேட்டு

ஆசிரியத் தொழிலில் பிள்ளைகளைப் படிப்பிப்பது சுகம். அவர்களை ஆராய வருகிறவர்களிடமிருந்து காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. சோக்கட்டித் தூளைச் சுவாசித்தே இருமும் தோழர்களே, உங்களுக்கும் இது நேர்ந்திருக்கும்.

தொப்பிக்காரர் வந்தார்

1930களின் தொடக்கத்தில் கண்டிக்குப் பக்கத்துக் கெலிஓயாவில் நான் நாலாம் வகுப்பு மாஸ்டர். கண்டியிலிருந்து மனோதத்துவம் படித்த கனவான் ஒருவர் தொப்பியும் கடிகாரமுமாக வந்தார். பின்தங்கிய பிள்ளைகளுக்கு உதவத்தான் ஆராய்ச்சியாம். பத்துக் கணக்குக் கொடுத்துவிட்டு, யாருடைய கை சும்மா இருக்கிறதோ அவர் பெயருக்கு நேரே நிமிடத்துக்கு ஒரு கரும்புள்ளி வைத்தார்.

எங்கள் தலைமை ஆசிரியர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. கணக்கை முடித்தவர், பக்கத்துப் பிள்ளை பார்த்து எழுதாதபடி சிலேட்டைக் கவிழ்த்துவிட்டுக் கைகட்டி இருக்க வேண்டும். சித்தி கதீஜா என்ற சிறுமி எல்லோருக்கும் முன்னால் முடித்துக் கைகட்டினாள். அதனால் அதிகப் புள்ளியும் அவளுக்கே. நான் ஓடிப்போய் அவள் சிலேட்டைத் திருப்பிக் காட்டினேன். பத்தும் சரி.

“கணக்கைப் பார்க்க நான் வரவில்லை மாஸ்டர். கவனத்தைப் பார்க்க வந்தேன்” என்றார் கனவான்.

பிடவைக் கடையில்

‘மந்தம்’ என்று அவர் போட்ட பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. அந்தப் பட்டியலில் உள்ளவர்களுக்கு ஐந்தாம் வகுப்புக் கிடையாது. செய்தி எனக்கு முன்னே அவள் வாப்பாவின் பிடவைக் கடைக்குப் போய்விட்டது. நான் எவ்வளவோ மன்றாடினேன். அவர் துணியை மடித்தபடியே சொன்னார்:

“மூளையில்லாத புள்ளைக்கு என்னத்துக்கு மாஸ்டர் இஸ்கோல்? ஊட்டுலயே இருக்கட்டும்.”

கையெழுத்து

பட்டியலில் வகுப்பு மாஸ்டரும் ஒப்பமிட வேண்டும். தலைமை ஆசிரியர் யாழ்ப்பாணத்தவர். தாளையும் பேனாவையும் அவரே கொண்டுவந்து நீட்டினார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “சட்டம் உங்களுடையது, மந்தப் பட்டம் அவளுக்கா? போட மாட்டேன்” என்றேன். நாவலப்பிட்டிக்கு மாற்றிவிடுவார்கள் என்று எச்சரித்தார். அங்கே போக ரயில் இருக்கிறதே என்றேன்.

“உம்மோட கதைச்சு வெல்லேலாது காணும்” என்று பேனாவை மூடினார்.

பதினொரு தொப்பி

ஒப்பமில்லாத பட்டியல் திரும்பி வந்தது. கூடவே இரண்டாம் சோதனைக்குக் கனவானும் வந்தார். அந்த ஒரு நாளைக்கு மட்டும் என்று வாப்பாவிடம் கெஞ்சிக் கதீஜாவையும் வரவழைத்திருந்தேன். அன்று காலையிலேயே வகுப்பில் சொல்லிவிட்டேன்: கணக்கு முடிந்தாலும் அவர் போதும் என்னும்வரை குச்சியை நிறுத்தாதீர்கள். ஏமாற்று என்பீர்களா? சொல்லிக்கொள்ளுங்கள். கதீஜா பத்துக் கணக்கையும் முடித்தாள். மிச்ச நேரமெல்லாம் அவருடைய தொப்பியை வரைந்தாள், பதினொரு தடவை. ஒரு புள்ளிகூட விழவில்லை. அவர் தம் கையாலேயே அவள் பெயரை வெட்டினார். அந்த வாரமே வாப்பா அவளை ஐந்தாம் வகுப்புக்குக் கூட்டிவந்தார்.

கனவானுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. “பார்த்தீர்களா மாஸ்டர், நாங்கள் வந்துபோனதிலேயே பிள்ளைக்குக் கவனம் வந்துவிட்டது!”

அடுத்த மாதமே என்னை நாவலப்பிட்டிக்கு மாற்றினார்கள். அங்கே முதல் நாள் நான் நடத்திய முதல் பாடம், என் வகுப்பில் யாரும் கைகட்டக் கூடாது என்பதுதான்.