மாரியாயி அக்கா வாசிக்கச் சொன்ன தாள்

இரண்டாம் ஷிப்டுக்குப் போனேன். வைண்டிங் பிரிவில் ஒரு மெஷின் நின்றிருந்தது. பழுது என்று நினைத்துப் பேனலைத் திறந்தேன். "மெஷின் நல்லாத்தான் இருக்கு. மாரியாயி அக்கா காலைல தவறிட்டாவ" என்றாள் பக்கத்து மெஷின் பெண். பேனலை மூடினேன்.

நம் நூற்பாலையில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இந்தியக் குடியுரிமைக்கு மனுப் போட்டு, கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கி, இங்கே நூல் சுற்றியவர். நான் இங்கே எலக்ட்ரீஷியன். ஆனால் அவரிடம் முதலில் பேசியது மில்லில் அல்ல, வாக்குச்சாவடியில்.

அன்று நான் கட்சி ஏஜெண்ட். சிலோன் பேச்சைக் கேட்டாலே ஊர் சந்தேகப்பட்ட சமயம். அவர் பெயரைச் சொன்ன உச்சரிப்பைக் கேட்டதுமே எழுந்துவிட்டேன். "இவிய அகதில்லா! இவியளுக்கு ஏது ஓட்டு?" பட்டியலில் பெயர் இருந்தது. நான் அதைப் பார்க்கக்கூட இல்லை. அதிகாரி குழம்பிப்போய், "ஏதாவது அத்தாட்சி கொண்டு வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். அது அவருடைய முதல் ஓட்டு.

பஸ் கிடைக்காமல் தாமிரபரணிப் பாலத்தை நடந்தே தாண்டி, மில் குவார்ட்டர்ஸ் போய், கதவை அடைக்கப்போகும் நேரத்தில் திரும்பி வந்தார். அதிகாரி குடியுரிமைத் தாளைப் பார்த்தார். "சரிம்மா, போடுங்க." மாரியாயி அக்கா நகரவில்லை.

"அந்தத் தம்பி வாசிக்கட்டும்."

ஆங்கிலத்தில் இருந்ததை அப்படியே வாசித்தேன். "தமிழ்ல சொல்லு. வரிசையில நிக்கிறவங்களுக்கும் கேக்கட்டும்" என்றார். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தோட்டம், இந்தியக் குடிமகள். சொன்னேன்.

"உனக்குப் பொறந்ததுமே கெடச்சிருச்சு. நான் எழுதிக் கேட்டு, பதினோரு வருஷம் காத்திருந்து வாங்கினேன். இப்பப் போகலாமா?"

மறுநாள் கேன்டீனில் தூண் மறைவில் நின்றேன். கண்டுபிடித்துவிட்டார். "ஏஜெண்டு தம்பி, டீ குடிக்கலாமா? இல்ல, அதுக்கும் காயிதம் காட்டணுமா?" கேன்டீனே சிரித்தது. எனக்கு மன்னிப்புக் கேட்க வரவில்லை. டீயைக் குடித்தேன்.

அடுத்த தேர்தல் முடிந்ததும் சங்கத் தலைவர் அண்ணாச்சி மிரட்டலாகவே கேட்டார்: "ஏளா மாரியாயி, நம்ம சின்னத்துலதானே குத்துன?"

"தோட்டத்துல எங்களுக்கு ஓட்டே இல்ல அண்ணாச்சி. இங்க ஓட்டும் இருக்கு, யாருக்குன்னு சொல்லாம இருக்கவும் முடியுது. ரெண்டையும் விடமாட்டேன்."

"இவகிட்ட எவம்லே பேசுவான்" என்று என்னிடம் முணுமுணுத்துவிட்டு அண்ணாச்சி நடையைக் கட்டினார்.

எனக்குப் பொறுமை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனாலும் ஒருவரைத் தடுக்கும் முன் பட்டியலை வாசித்துவிடுகிறேன். அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அதுதான். போன வாரம் வாக்காளர் பட்டியல் திருத்த வந்தவர்கள் இறந்தவர்களின் விவரம் கேட்டார்கள். அவர் பெயர் இருந்த வரியைத் தேடி, முழுவதும் வாசித்தேன். பிறகு நீக்கும் படிவத்தில், காரணம் என்ற கட்டத்தில் 'மரணம்' என்று எழுதினேன். வேறு எந்தக் காரணம் சொல்லியும் அந்தப் பெயரை யாராலும் எடுத்திருக்க முடியாது.