மெஹரூனின் முன் சக்கரம்

முன் டயரை மாற்றிய நாளில் மெஹரூன் சாப்பிடமாட்டாள். காலையில் ஒரு டீ, அவ்வளவுதான். மறுநாள் விடிந்த பிறகுதான் வாயில் ரொட்டி. எங்கள் மரணக் கிணற்றில் முதலாளி துபே முதல் டிக்கெட் கிழிக்கிறவன் வரை எல்லாருக்கும் இது தெரியும். நோன்பா, வேண்டுதலா என்று ஒருமுறை கேட்டேன். "விழுந்தா வாந்தி எடுக்கக் கூடாதுல்ல லல்லன், அதுக்குத்தான்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பலகையால் வட்டமாக, செங்குத்தாகக் கட்டிய கிணறு; உள்சுவரில் வண்டி சுற்றும், ஜனங்கள் மேலே நின்று பார்ப்பார்கள். நான் அதன் விளிம்பில் நின்று மைக்கில் கத்துகிறவன். ஊர் ஊராக, மேளாச் சந்தை ஒவ்வொன்றிலும் அவள் பெயரைக் கத்தியே என் தொண்டை போயிற்று. அவள் இங்கே வந்தது இத்ரீஸின் பெண்டாட்டியாக. இத்ரீஸ் சுவரில் கார் ஓட்டுகிறவன். அவள் கூடாரத்தில் எங்களுக்கெல்லாம் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் பைக் ஓட்டுகிறவன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போக, வாசலில் கூட்டம் கூச்சல் போட, முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இவள் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு, "நான் ஓட்டிப் பாக்கறேன்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். அடுத்த மேளாவுக்குள் பலகைச் சுவரில் இரண்டு கையையும் விட்டு ஓட்டினாள். அதற்கடுத்த மேளாவில் துப்பட்டாவை முகத்தில் இழுத்து மூடிக்கொண்டு ஓட்டினாள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பின் சக்கரத்தை யார் வேண்டுமானாலும் தொடலாம், சங்கிலிக்கு எண்ணெய் விடலாம். முன் சக்கரம் ஓட்டுகிறவருடையது. அதில் வேறு கை பட்டால், அந்தக் கைக்கு எந்த மேளாவிலும், எந்தக் கிணற்றிலும் வேலை கிடையாது. அப்பன், புருஷன் என்ற கணக்கெல்லாம் இல்லை.

"பின் சக்கரம் சும்மா தள்ளும். எங்க போறதுன்னு சொல்றது முன் சக்கரம்தான். அத மாத்தினா வண்டியே வேற வண்டி" என்பாள் மெஹரூன். சுவரில் ஓடி ஓடி டயரின் முகம் நடுவில் தேய்ந்து பலகை போலத் தட்டையாகிவிடும். தட்டை டயர், போட்ட பாதையிலேயே போகும், கையை விட்டாலும் போகும். புது டயரின் முகம் உருண்டை. நீ இடுப்பை லேசாக அசைத்தாலே திரும்பிவிடும். தரையில் அப்படித் திரும்பினால் சாலையோரம் போவாய். சுவரில் திரும்பினால் ஒன்று மேலே, இல்லையென்றால் கீழே. அதனால் புது டயர் போட்டால் இரண்டு நாள் தரைக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் அடிச்சரிவிலேயே சுற்றுவாள், கை பிடியை விட்டு நகராது. "சைக்கிள் ஓட்டவாடி வந்தே?" என்று மேலே இருந்து கத்துவார்கள். நான் மைக்கில் ஏதாவது உளறிச் சமாளிப்பேன்.

அந்த வருஷம் சோன்பூர் மேளாவில் அவளுடைய முன் டயரில் நூல் தெரிய ஆரம்பித்தது. கருப்புக்கு நடுவே வெள்ளையாக. இத்ரீஸுக்குத் தூக்கம் போயிற்று.

"வெடிச்சுதுன்னா உன்னப் பலகையோட பேத்து எடுக்கணும்டி. மாத்தித் தொலை."

"கூட்டம் குறையட்டும், மாத்தறேன். இப்ப மாத்தினா ரெண்டு நாள் கீழயே சுத்தணும். துபே என்னை உயிரோட தின்னுருவாரு."

"அப்போ நான் மாத்தறேன்."

"தொட்டுப் பாரு!" என்றாள். அப்படி அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எனக்கு அப்போதே மனசு சரியில்லை. இரண்டு பேர் சொன்னதும் நியாயமாக இருந்தால் அங்கே கெட்டது நடக்கப்போகிறது என்று எனக்கு ஒரு பயம் உண்டு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாம்பலில் சுட்ட லிட்டி மாவுருண்டை, கத்தரிக்காய் மசியல். மெஹரூன் எனக்கு எதிரே உட்கார்ந்து நாலு லிட்டியை நெய்யில் முக்கிச் சாப்பிட்டாள்.

"மெதுவா அண்ணி, பைக் தாங்காது" என்றேன்.

"உன் வாய விடவா பாரம்? தள்ளு, அந்த மிளகாய எடு" என்றாள். சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தாள். என் கண்ணாலேயே பார்த்தேன், நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கினாள்.

சாயங்காலக் காட்சி. விளிம்பு முழுக்கத் தலைகள். அடிச்சரிவில் ஏறும்போதே அவள் ஒருமுறை குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்தாள். சேறும் மரத்தூளும் அப்பிக்கிடந்தது, எப்போதும் போலத்தான். சுவரில் ஏறியதும் வண்டி சுருக்கென்று மேலே முகத்தைத் தூக்கி, பிறகு அடங்கியது. காற்று குறைச்சல் என்று நினைத்திருப்பாள். அவளும் தூங்கி எழுந்த முகத்தோடு இருந்தாள்.

அப்போது இத்ரீஸ் என் தோளை இடித்தான். முகமெல்லாம் பல்.

"டேய் லல்லன், போறா பாரு! முன் டயர் புதுசுடா. அவ தூங்கறப்போ மாத்திட்டேன். செங்கல்லால தேய்ச்சு, புது டயரோட ரப்பர் மீசையெல்லாம் வெட்டி, சேத்தப் பூசிட்டேன். அவளுக்கே தெரியல பாத்தியா!"

"அட மடையா! உருண்டை டயர்ல கைய விடப்போறாடா!"

"வழுக்காதுடா, நல்லாத் தேய்ச்சிருக்கேன்."

நாலு சக்கரத்தில் உட்கார்ந்து சுவர் ஏறுகிறவனுக்கு அவ்வளவுதான் தெரியும். கார் சாயாமல் தானாக நிற்கும், டயர் பிடித்தால் போதும். பிடிப்பதை மட்டும் பார்த்தவன் டயரின் முகத்தைப் பார்க்கவில்லை. பாவி, பாசத்தில் செய்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் அவனை அறையவும் தோன்றுகிறது, கட்டிப்பிடித்து அழவும் தோன்றுகிறது.

மைக்கில் கத்தினேன். "அண்ணி, கைய விடாத! கைய விடாத!" சைலன்சர் கழற்றிய வண்டி, அவள் காதில் என்ன விழும்? தோள் துண்டை உருவிக் கிணற்றுக்குள்ளே நீட்டி வீசி வீசிக் காட்டினேன். என் இரண்டு பக்கமும் ஜனங்கள் அவளுக்கு இனாமாகப் பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டுகளை அதே மாதிரி வீசிக்கொண்டிருந்தார்கள். அவள் எங்கள் எல்லாரையும் பார்த்து ஒரே மாதிரி சிரித்தாள். இரண்டு கையையும் விரித்தாள். துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடினாள்.

ஒரு சுற்று போனாள். இத்ரீஸ், "பாத்தியா?" என்றான். அடுத்த சுற்றில் வண்டி தலையைக் கவிழ்த்துக்கொண்டு குழியைப் பார்த்து இறங்கியது. அவள் கை துப்பட்டாவிலிருந்து பிடிக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஜனங்கள் கை தட்டினார்கள். அதுவும் வித்தை என்று நினைத்துவிட்டார்கள்.

உயிர் இருந்தது. வலது கை இரண்டு இடத்தில் மடங்கி, இடுப்பு நகராமல், கூடாரத்தில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள். ஆம்புலன்ஸ் கூட்டத்தைத் தாண்டி வரவேண்டும். அதற்குள் துபே வந்துவிட்டார். வண்டியைத் துடைத்துப் பார்த்துவிட்டு வந்திருந்தார். சேற்றுக்கு அடியில் புது டயரின் மஞ்சள் கோடு தெரிந்திருக்கிறது.

"முன் சக்கரத்துல கை வச்சது யாரு?"

இத்ரீஸ் வாயைத் திறந்தான். அவள் முந்திக்கொண்டாள்.

"நான்தான் முதலாளி."

"நீயா? நீ போட்டிருந்தா ரெண்டு நாள் கைய விட மாட்டியே."

"கூட்டத்தப் பாத்ததும் திமிரு. வேற என்ன?"

துபே அவளை நம்பவில்லை. இத்ரீஸைப் பார்த்தார். இத்ரீஸின் நகத்துக்குள் செங்கல் தூள். இனி அவளால் சுவர் ஏற முடியாது. அவனும் ஓட்டாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. இது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். துபே மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"லல்லன். நீதான மத்தியானம் இவகூட உக்காந்திருந்த? உண்மையச் சொல்லு. இவ இன்னிக்குச் சாப்பிட்டாளா?"

மெஹரூன் என்னைப் பார்த்தாள். அவள் வாயோரத்தில் ரத்தத்தோடு கொஞ்சம் கத்தரிக்காய் மசியல். வாந்தி எடுத்திருந்தாள். நான் குனிந்து என் தோள் துண்டால் அவள் வாயைத் துடைத்துவிட்டேன்.

"ஒரு வாய்கூட இல்ல முதலாளி" என்றேன்.