சித்தப்பா புகழ்ந்த அரபிக் குதிரை

இன்று கடையில் ஒரு புதுத் தோல்பையைத் திறந்ததும் சேணத்தின் வாசனை வந்தது. கூடவே கொழும்புக் கடற்கரையான காலிமுகத்திடலின் உப்புக்காற்றும், இப்போது கார்கள் நிற்கும் அந்த ஓரத்தில் அன்று வாடகைச் சவாரிக்கு நின்ற சாம்பல்நிற அரபிக் குதிரையும். யுத்த காலத்திலும் ஞாயிறு தவறாமல் வெள்ளவத்தையிலிருந்து எங்களைக் கூட்டிப்போகும் சித்தப்பா, அதன் சின்னத் தலையைத் தடவித் தடவிப் புகழ்வார். "சவாரிக்காரர் ஏன் அரபிக் குதிரையெண்டா உயிரை விடுகினம் தெரியுமோ பிள்ளை? ஆள் விழுந்தாலும் விட்டிட்டு ஓடாது."

வெளியில் இராணுவம் எங்களில் ஒருவரைப் பிடித்தால் மற்றவர்கள் தெரியாதவர்கள் போல நடந்துவிட வேண்டும், வீட்டுக்குச் செய்தி சொல்ல ஒருவராவது மிஞ்ச வேண்டும் என்பது அப்போது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு மாலை, சவாரியிலிருந்த சித்தப்பாவை இராணுவத்தார் இறக்கி அடையாள அட்டை கேட்டார்கள். அம்மா என் கையை இறுக்கினார். "திரும்பிப் பாக்காதை, நட." கையிலிருந்த காகிதக் கடலைச் சரையைக்கூடக் கீழே போடாமல் நடந்தேன்.

இருட்டிய பிறகு சித்தப்பா வந்துவிட்டார். எங்களை ஒன்றும் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடி, "குதிரைக்காரனையும் அங்கால நிப்பாட்டிப்போட்டாங்கள். கடிவாளத்தைப் பிடிக்க ஒருத்தருமில்லை. எண்டாலும் அது என்னை விட்டிட்டு அசையேல்லை பிள்ளை," என்றார், பெருமையாக.

அம்மாவும் நானும் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.