வகுப்பில் ஒரே பெண்

லோகநாயகி சொல்லி முடிப்பதற்குள்ளேயே தப்பு நடந்துவிட்டது.

கிழக்குத் தாம்பரத்தில், ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், சனிக்கிழமை மதியம் கல்லூரி ஆலோசகர் சங்கம் கூடும். தனியார் பொறியியல் கல்லூரிகளில் வகுப்புக்கு ஓர் ஆலோசகர் உண்டு. வராத மாணவன் வீட்டுக்குப் போன் போடு, பீஸ் கட்டச் சொல்லு என்று வேலை வாங்குவார்கள். அழுதுகொண்டு வந்து நிற்கும் பிள்ளையிடம் என்ன பேசுவது என்று ஒருவரும் சொல்லித் தருவதில்லை. அதற்காகத்தான் இவர்களே சேர்ந்து சங்கம் தொடங்கினார்கள். பெயர் சொல்லாமல் ஒரு மாணவரின் சிக்கலைச் சொல்லலாம். மற்றவர்கள் யோசனை சொல்வார்கள். பேசியது எதுவும் படியிறங்கக் கூடாது.

லோகநாயகி திருமுடிவாக்கத்துப் பட்டறையில் வெல்டிங் செய்தவரின் மகள். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு மெக்கானிக்கல் என்று உறவெல்லாம் கேட்க, அதையே படித்து, அதையே கற்பிக்கிறவள். அதனால்தானோ என்னவோ, அன்று கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டாள்.

"மூணாவது வருஷம். வர்ற லீவுல தாய்மாமனுக்குக் கட்டி வைக்கப் போறாங்களாம். நிலம் வெளிய போயிடக் கூடாதாம். ஹாஸ்டல் கிடைக்குமான்னு கேக்குறா. எங்க மெக்கானிக்கல் கிளாஸ்ல அவ ஒருத்திதான் பொண்ணு..."

எதிரே, வேறொரு கல்லூரி ஆலோசகரான ராஜகோபால் பாதிச் சமோசாவைத் தட்டில் வைத்தார்.

"பள்ளிக்கரணைப் பொண்ணா மேடம்?"

லோகநாயகி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"என் தம்பி மகதான் அது. சுபத்ரா."

சங்கச் செயலாளர் ஷரீஃபா எழுந்தார். "சார், இங்க பேசினது வெளிய போகாது. அந்த ரூலுக்கு நீங்களும்தானே கை தூக்கினீங்க?"

"ஊரான் வூட்டுப் புள்ளைங்களுக்குத்தான் மேடம் ரூலு. இது குடும்ப விஷயம்."

குடும்ப விஷயம்! இந்த இரண்டு சொல்லை வைத்தே எத்தனை பெண்களின் படிப்புக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். பூட்டுகிறவர் படிக்காதவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இவர் டாக்டர் பட்டம் வாங்கியவர்.

"நாளைக்கு எம் கிளாஸ் புள்ளைங்க சொன்னதையும் இப்படித்தான் தூக்கிட்டுப் போவீங்களா?" என்று ஷரீஃபா கேட்டபோது அவர் படியில் இருந்தார்.

லோகநாயகி சுபத்ராவைக் கூப்பிட்டாள். பிஸி. மறுபடியும் பிஸி. பள்ளிக்கரணைக்கு ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். வண்டி மேடவாக்கத்தைத் தாண்டும்போதுதான் சுபத்ரா போனை எடுத்தாள்.

"மேடம், பெரியப்பா இப்பதான் பேசினாரு. அப்பா போன்ல சார்ஜ் இல்ல, அதான் எனக்குப் போட்டு அப்பாகிட்ட குடுன்னாரு."

"குடுத்தியா?"

"குடுக்கல. என்னப் பத்தின விஷயம்னா எங்கிட்டயே சொல்லுங்கன்னேன். கட் பண்ணிட்டாரு. நேர்ல வருவாரு. நீங்களா மேடம் சொன்னீங்க?"

"நான்தாம்மா. பேரைச் சொல்லல. ஆனா கிளாஸ்ல ஒரே பொண்ணுன்னு சொல்லிட்டேன். பேரைச் சொன்ன மாதிரிதானே அது? என் தப்பு."

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. பெண் திட்டவில்லை, அழவும் இல்லை.

"அவரு வர்றதுக்குள்ள நானே அப்பாகிட்ட சொல்லிடறேன். நீங்க எங்க இருக்கீங்க?"

"வந்துட்டே இருக்கேன்."

"யாருடி போன்ல?" என்று ஓர் ஆண்குரல் பின்னால் அதட்டியது.

"எங்க மேடம்ப்பா," என்றாள் சுபத்ரா. "வீட்டுக்கு வர்றாங்க. அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும். உக்காருங்க."