தலைமைப் பண்பும் தாய்மாமன் மடியும்

குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவில் பன்னிரண்டு நாள் தங்கித் தலைமைப் பண்பைக் கற்றுக்கொண்டு வீடு திரும்பினேன். வீட்டில் எனக்குக் காப்பி இல்லை. மனைவி இருந்தாள், அடுப்பு எரிந்தது, பாலும் பொங்கியது. காப்பிதான் இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கோவையில் ஒரு நூற்பாலையில், நூல் நூற்கும் ரிங் பிரேம் மெஷின்கள் ஓடும் பகுதிக்கு நான் சூப்பர்வைசர். அதே மில்லில் நான் தொழிலாளியாகச் சேர்ந்த நாளில்தான் என் மனைவியின் அண்ணனும் சேர்ந்தார். அவர் தங்கையை எனக்குக் கட்டிக்கொடுத்தது பிறகு நடந்தது. பதினைந்து வருடத்தில் நான் சூப்பர்வைசர் ஆனேன், மச்சான் மெஷினிலேயே நின்றார். அதில் எங்களுக்குள் மனவருத்தம் இருந்ததில்லை. வேலை தெரிந்தவர் அவர், பேசத் தெரிந்தவன் நான் என்பது மில்லுக்கே தெரியும்.

"எங்கண்ணனை வேஸ்ட் ரூமுக்குத் தூக்கிப் போட்டுட்டாங்க" என்றாள் மனைவி. "நீங்க எழுதிக் குடுத்தீங்களாமா."

வேஸ்ட் ரூம் என்பது கழிவுப் பஞ்சைக் கொட்டிப் பிரிக்கிற இடம். உள்ளே போனால் மூக்கு அடைக்கும், வெளியே வந்தால் மானம் போகும். நல்ல வேலைக்காரனை அங்கே அனுப்புவது கன்னத்தில் அறைவதற்குச் சமம்.

எதிரில் இருப்பவர் சொன்னதை நம் வாயால் திருப்பிச் சொன்னால் கோபம் தணியும் என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். உடனே பிரயோகித்தேன்.

"அதாவது நீ சொல்ல வர்றது என்னன்னா, நான் ஒரு முட்டாள்ங்கற. சரியா?"

"நான் சொல்லலைங்க. நீங்களேதான் சொல்லிக்கறீங்க. வர்ற பத்தாம் தேதி நம்ம புள்ளைக்குக் காதுகுத்து. மாமன் மடி இல்லாம எப்படிக் குத்தறதுன்னு அந்த வாத்தியாரையே கேட்டுட்டு வாங்க."

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். என் மகளுக்கு இருந்தது ஒரே ஒரு மாமன். அவரும் இப்போது பஞ்சுத் தூசிக்குள் இருந்தார்.

நடந்தது இதுதான். பங்களாவில் என்னைத் தவிர எல்லோரும் டை கட்டியவர்கள், சோறு கேட்பதற்கும் ஆங்கிலம் பேசியவர்கள். மூன்று நாள் வாயைத் திறக்க முடியாமல் கிடந்தேன். நான்காம் நாள் ஒரு தாளைக் கொடுத்தார்கள். உங்கள் குழுவைப் பின்னுக்கு இழுப்பவர் யார், ஏன் என்று அதில் கேள்வி. தமிழிலும் எழுதலாம் என்றதும் எனக்குக் குஷி பிறந்துவிட்டது. 'என் மச்சான். தூங்கிக்கொண்டே அறுந்த நூலை ஒட்டுவார். கண்ணைத் திறந்தால்தான் தப்பு வரும்' என்று எழுதி எழுந்து நின்று வாசித்தேன். அறையே விழுந்து விழுந்து சிரித்துக் கை தட்டியது. பயிற்சியாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். கை தட்டல் கேட்டுப் பழகாதவன் இல்லையா, இன்னும் நாலு வரி சேர்த்துவிட்டேன். தாள்கள் எல்லாம் அவரவர் மில் மேனேஜருக்குத் தபாலில் போகும் என்று முதல் நாளே சொல்லியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில். நானும் தலையாட்டியிருக்கிறேன்.

மறுநாள் மில்லுக்குப் போனேன். ரிங் பிரேம் சத்தத்தில் பேச்சு எடுபடாது, எல்லாம் கை ஜாடைதான். அதிகாரி யாராவது வந்தால் முதலில் பார்த்தவர் சட்டைக் காலரைத் தொடுவார், அது மெஷினுக்கு மெஷின் தாவி அதிகாரிக்கு முன்னால் கடைசி வரிசைக்குப் போய்விடும். எனக்காக ஒருவரும் காலரைத் தொட்டதில்லை. அன்று நான் கதவைத் தாண்டியதும் ஒரு கை காலருக்குப் போனது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் வரிசை முழுக்க. கடைசி மெஷினை நான் அடைந்தபோது அங்கே எல்லோரும் எனக்குக் கும்பிடு போட்டார்கள். பதினைந்து வருடத்தில் அந்த ஷெட்டில் எனக்குக் கிடைத்த முதல் கும்பிடு. அடி வாங்கியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அங்கிருந்து வேஸ்ட் ரூமுக்குப் போனேன். மச்சான் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பஞ்சு பிரித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான்..."

"சொல்லுங்க சார்."

"என்னுங்க மச்சான், சாருங்கறீங்க? நானுங்க."

"தெரியுதுங்க சார். கண்ணு தொறந்துதான இருக்குது."

"அது சும்மா சிரிப்புக்கு எழுதுனதுங்க."

"சிரிச்சாங்களா?"

"ம்... சிரிச்சாங்க."

"எத்தனை பேரு?"

"ஒரு இருவத்தஞ்சு பேரு இருக்கும்."

"அப்ப நல்லதாப் போச்சு. அந்த இருவத்தஞ்சு பேர்ல ஒருத்தரைக் கூட்டியாந்து மடியில புள்ளைய உக்கார வெச்சுக்குங்க."

பதில் சொல்ல வாய் திறந்தேன். பஞ்சு உள்ளே போய்விட்டது. இருமிக்கொண்டே வெளியே வந்தேன்.

மேனேஜருக்கோ என் மேல் ஒரே பெருமை. "சொந்த மச்சான்னும் பாக்காம எழுதியிருக்கீங்க பாருங்க, இதுதான் லீடர்ஷிப்புங்கறது!" என்றார். அத்தனையும் தமாஷ் என்று சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"மில்லு செலவுல மலைக்குப் போயித் தமாஷ் பண்ணிட்டு வந்தீங்களா? சரி, எழுதுனதெல்லாம் பொய்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அவரை மெஷினுக்கு விட்டர்றேன். ஆனா அந்தக் கடுதாசி உங்க ஃபைல்ல இருக்கும். அடுத்த பதவிக்கு உங்க பேரைத்தான் அனுப்பறதா இருந்தேன். யோசிச்சுக்குங்க."

அங்கேயே பேனாவைப் பிடுங்கி எழுதினேன் என்று சொல்லத்தான் ஆசை. இரண்டு நாள் யோசித்தேன். வகுப்பில் கற்றபடி தாளின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் லாபமும் வலப்பக்கம் நஷ்டமும் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோளுக்கு மேலாக மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இதுக்குக் கோடு வேற போடோணுமாக்கும்?" என்று கேட்டுவிட்டு, எனக்கு எடுத்து வைத்த சோற்றை மூடி உள்ளே கொண்டுபோனாள்.

பசியோடு எழுதியதாலோ என்னவோ, கடிதம் நன்றாகவே அமைந்தது. 'கை தட்டலுக்கு ஆசைப்பட்டு நல்ல தொழிலாளியைப் பற்றிப் பொய் எழுதினேன்' என்று தொடங்கி அரைப் பக்கம். மேனேஜர் இரண்டு முறை படித்தார், சிரிக்கவில்லை. திங்கட்கிழமை மச்சான் மெஷினுக்குத் திரும்பினார். பதவி, எந்த மலைக்கும் போகாத ஒருவருக்குப் போனது. ஷெட்டில் காலரைத் தொடுவது மட்டும் நிற்கவில்லை.

பத்தாம் தேதி பல்லடம் பக்கத்துக் கோயிலில் காதுகுத்து. மச்சான் வருவாரா மாட்டாரா என்று விடியற்காலையிலிருந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வந்தார். சீர்த்தட்டு, புதுப் பாவாடை, தோடு எதிலும் குறை வைக்கவில்லை. என்னைத் தாண்டிப் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "வா கண்ணு, மாமன்கிட்ட வா" என்று மகளை மடியில் ஏற்றிக்கொண்டார். ஆசாரி குத்தியதும் அவள் வீறிட்டாள். அவளைவிட அதிகமாக மச்சானின் கண்தான் கலங்கியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தத் தைரியத்தில் பந்தியில் பாயச வாளியை நானே தூக்கினேன். மச்சானின் இலைக்கு வந்ததும் அவர் இலை மேல் கையை விரித்தார்.

"போதுங்க."

"ஒரே ஒரு கரண்டி மச்சான்..."

"போதும்னா காது கேக்காதுங்களா சார்? ஆசாரி இன்னும் போகலை, உங்களுக்கும் ரெண்டு குத்தச் சொல்லட்டுங்களா?"

பந்தியே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. இலை மேலிருந்த கையையும் எடுக்கவில்லை. வாளியை மனைவியிடம் கொடுத்தேன். தங்கை ஊற்றிய அதே பாயசத்தை இரண்டு தரம் கேட்டு வாங்கிக் குடித்தார். நான் அடுத்த பந்திக்கு இலை போடப் போனேன்.