எங்கே என்று சொல்லாத வீடு

சுந்தரவல்லிக்கு உட்காரத் தெரியாது என்று தி.நகரில் அவள் குடியிருந்த மாடிவீட்டின் அக்கம்பக்கத்தார் கேலி பேசுவார்கள். எப்படி உட்காருவாள்? நான்கு வயது மகள் கீர்த்தி குளிக்கக் கூப்பிட்டால் அலறுவாள். குளித்தது போதும் என்றாலும் அலறுவாள். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதுதான் அவளுக்கு நரகம். டாக்டர் ஆட்டிசம் என்றார். ஜவுளிக்கடை வைத்திருந்த கணவன் நல்லசிவம் காத்துக் கருப்பு என்றான். தெருவெங்கும் கேபிள் டிவி வந்துவிட்ட காலத்திலும் காத்துக் கருப்பு மட்டும் மாடியேறி வந்துகொண்டுதான் இருந்தது.

திருவான்மியூரில் சிறு பள்ளி நடத்திய நீரஜா ஒரு வழி சொன்னாள். "அடுத்து என்னன்னு அவளுக்கு முன்னாடியே தெரியணும். வாயாலயும் சொல்லுங்க, பொருளைக் கையிலயும் குடுங்க. குளிக்கணுமா, துண்டு. வெளியில போகணுமா, செருப்பு."

துண்டு பலித்தது. அலறல் முனகலாகத் தேய்ந்தது. செருப்பு பலிக்கவில்லை.

அந்த வீட்டில் புறப்படும்போது எங்கே என்று கேட்கக்கூடாது, சொல்லவும் கூடாது, காரியம் கெட்டுவிடுமாம். வாய் தவறினால் திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி இறங்க வேண்டும். செருப்பு மாட்டிய குழந்தையை உள்ளே இழுத்து உட்காரவைத்து மறுபடி கிளப்பினால் அது என்ன செய்யும்? அலறும். அலறினால் பேய். நம் வீடுகளில் பேய்கள் இப்படித்தான் உற்பத்தியாகின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் வெளியே கிளம்பும்போது நல்லசிவம் முடிவாகச் சொன்னான். "இன்னைக்கு ரோட்டுல கத்துச்சுன்னா, ஊர்ல சாமியார் மடத்துல கொண்டு விட்டுருவேன்."

அந்த மடத்தில் பிள்ளைகளைத் தூணில் கட்டிவைப்பார்கள் என்பது சுந்தரவல்லிக்குத் தெரியும். செருப்பைக் கீர்த்தியின் கையில் கொடுத்தாள். வாசலில் நின்று உரக்கச் சொன்னாள்.

"கீர்த்தி, பீச்சுக்குப் போறோம். ஆட்டோ. அப்புறம் மணல்."

"ஏளா, கூறு இருக்கா உனக்கு? கிளம்பயில எங்கன்னு சொல்லுதியே! உள்ள வா, உக்காரு, தண்ணி குடி" என்றான் நல்லசிவம்.

செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு படி இறங்கியிருந்த கீர்த்தி விரல்களை உதறத் தொடங்கினாள். அலறலுக்கு முன் வரும் உதறல் அது.

"நீங்க குடிச்சிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, மகளோடு இறங்கினாள் சுந்தரவல்லி.

"எங்கம்மா போவணும்?" என்றார் ஆட்டோக்காரர்.

"பெசன்ட் நகர் பீச். பிள்ளைக்கும் சொல்லுங்க."

"பீச்சுக்கா போறோம் பாப்பா? சோக்கா கீது!"

வாயைத் துடைத்தபடி ஓடிவந்து ஏறினான் நல்லசிவம். அடையாறு தாண்டும்வரை மகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முனகினாள், அலறவில்லை.

திரும்பும்போதுதான் வந்தது வினை. வீடு என்று காட்டக் கையில் கொடுக்க எதையும் சுந்தரவல்லி எடுத்து வரவில்லை. கீர்த்தி மணலில் புரண்டு அலறினாள். கூட்டம் கூடியது.

"பாத்தியா?" என்றான் நல்லசிவம்.

"பாத்தேன். தப்பு என் மேல, பிள்ளை மேல இல்ல." மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். குழந்தை அவள் காதருகே கத்தியது. "மடத்துக்கு வேணும்னா நீங்க போய்ப் படுத்துக்கிடுங்க. நாளைக்கு நானும் இவளும் திருவான்மியூர் பள்ளிக்குப் போறோம். நாளன்னைக்கும் அங்கதான்."

பதிலுக்கு நிற்காமல், அலறும் பிள்ளையோடு சாலையைப் பார்த்து நடந்தாள்.